மணி அடிப்பதற்கு முன் எழுந்து போன பெண்

அந்த அறையில் இரண்டே நாற்காலிகள். ஒன்றில் நான் உட்கார்ந்திருப்பேன். எதிரில் இருப்பது காலியாக இருக்கும். வெளியே மணி அடித்ததும் டாக்டருக்குப் படிக்கிற பிள்ளை ஒன்று கதவைத் திறந்து உள்ளே வரும். அடுத்த மணி அடிக்கிறவரை என்னோடு பேசும். பிறகு எழுந்து பக்கத்து அறைக்குப் போகும். அடுத்த பிள்ளை வரும்.

வருகிற எல்லாரிடமும் நான் ஒரே வலியைத்தான் சொல்ல வேண்டும். முட்டி வலி. அது எனக்கு அவர்கள் கொடுத்த வலி.

அன்றைக்கு என் முட்டி நன்றாகத்தான் இருந்தது. வலி வேறு இடத்தில் இருந்தது. நாற்காலியின் நுனியில் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். ஏசிக் குளிர் பாதத்தில் ஏறியது. ஆனாலும் மேலுதட்டில் வேர்த்துக்கொண்டே இருந்தது. முந்தானையால் துடைப்பதும், மறுபடி வேர்ப்பதுமாக இருந்தேன்.

சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால் ஒரு பெண் வந்தாள். வெள்ளைக் கோட்டு அவளுக்குப் பெரிது. கையை மடித்து மடித்து விட்டிருந்தாள்.

“வணக்கம்மா. என் பேரு மாரிச்செல்வி. இங்க டாக்டருக்குப் படிக்கேன். உங்ககூட கொஞ்சம் பேசட்டா?”

தெற்கத்திப் பேச்சு. எங்கள் தெருவில் வாடகை அறைகளில் தங்கி ஷிப்டுக்குப் போகும் பையன்கள் பேசுகிற பேச்சு. காதுக்குப் பழகியது.

முட்டியைப் பற்றிக் கேட்டாள். சொன்னேன். படி ஏறினால் வலிக்குமா என்றாள். வலிக்கும் என்றேன். எல்லாம் எனக்குச் சொல்லிக்கொடுத்தபடிதான். கடைசியில், “வேற எதுவும் சொல்லணும்னு இருக்காம்மா?” என்று கேட்டாள்.

அதை எல்லாப் பிள்ளைகளும் கேட்டார்கள். கேட்கச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். கேட்ட கையோடு கடிகாரத்தைப் பார்ப்பார்கள். இல்லையென்றால், “இல்லையா? சரிம்மா” என்று பதிலையும் அவர்களே சொல்லிக்கொள்வார்கள்.

இந்தப் பெண் கேட்டுவிட்டுச் சும்மா இருந்தாள்.

என் முகத்தைப் பார்த்தாள். பிறகு என் கையைப் பார்த்தாள். வெளியே ஒரகடம் சாலையில் புதுக் கார்களை அடுக்கிக்கொண்டு போகிற நீள லாரி ஒன்று திரும்பி, முக்கி முனகி, அப்பால் போகிறவரைக்கும் அவள் வாயைத் திறக்கவில்லை.

நான் திறந்தேன். சொல்ல வேண்டியதை விட்டுவிட்டு, ஒருவரிடமும் சொல்லாததைச் சொன்னேன்.

பேசாத ஆள்

இந்தப் பக்கத்தில் என் பழைய கதைகளைப் படித்து வருகிறவர்களுக்கு என் மருமகள் கீதாவைத் தெரியும். நிலம் கம்பெனிக்குப் போன கதையில் வந்தாளே, அவள்தான். புதிதாகப் படிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் இருக்கும் ஒரு மருத்துவக் கல்லூரியில் துப்புரவு வேலை பார்க்கிறாள். கல்லூரியின் பெயர் வேண்டாம்.

ஒருநாள் வேலை முடிந்து வந்ததும் வராததுமாகச் சொன்னாள்.

“அத்தே, காலேஜ்ல வயசானவங்களா கேட்டுக்கினு இருக்காங்க. நீ வர்றியா?”

“இன்னாத்துக்கு?”

“பேஷன்ட் மாரி ஒக்காரணும். புள்ளைங்க வந்து கேள்வி கேக்கும். பதில் சொல்லணும். அவ்ளோதான்.”

“எனக்கு இன்னா வியாதி கீது சொல்றதுக்கு?”

“வியாதிய அவங்களே குடுப்பாங்க.”

“அந்த வியாதிய வூட்டுக்கு எடுத்தாந்துட்டா?”

“சாயந்திரம் கேட்ல புடுங்கிக்குவாங்க, நீ வா.”

அங்கே போனதும் ஒரு மேடம் எங்களை வரிசையாக உட்கார வைத்துப் பேசினார்கள். அவர்கள் பெண்கள் வியாதிக்கான டாக்டர். இந்தப் பயிற்சிக்கும் அவர்களே பொறுப்பு. முன்னெல்லாம் புத்தகத்தில் இருப்பதை ஒப்பித்தால் டாக்டர் ஆகிவிடலாமாம். இப்போது அப்படி இல்லையாம். வியாதிக்காரரிடம் எப்படிப் பேசுகிறார்கள், எப்படிக் கேட்கிறார்கள் என்பதற்கும் பரீட்சை உண்டாம். நிஜமான வியாதிக்காரரை ஒரு நாள் முழுக்க எல்லாப் பிள்ளைகளும் மாறி மாறிக் கேட்டால் அவர் தாங்குவாரா? அதனால்தான் எங்களை மாதிரி ஆட்கள். எல்லாப் பிள்ளைக்கும் ஒரே கதையைச் சொன்னால்தான் மார்க்கில் ஓரவஞ்சனை இருக்காது.

எங்கள் தெருவிலிருந்து குப்பம்மாளும் வந்திருந்தாள். அவளுக்கு நெஞ்சுவலி கொடுத்தார்கள். சும்மா ‘இங்கே அடைக்கிற மாதிரி இருக்கு’ என்று சொன்னால் போதும். அவள் தினமும் டிவி பார்க்கிறவள். “ஐயோ, எம் பேரன் கல்யாணத்தப் பாக்காமயே போறேனே” என்று நாற்காலியோடு பின்னால் சாய்ந்துவிட்டாள். எதிரில் இருந்த பையன் ஸ்ட்ரெச்சர் கொண்டுவர ஓடினான். அவன் பின்னால் வாட்ச்மேன் ஓடினார். யாரோ ஆக்சிஜன் உருளையையே உருட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

அன்றைக்குத்தான் அந்த விதி வந்தது. மணி அடிக்கிறவரைக்கும் யாரும் அறையை விட்டு எழுந்து போகக்கூடாது. உள்ளே நடப்பது எதுவானாலும் நடிப்பு. போனால் தோல்வி.

குப்பம்மாளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மேடம் என் பெயரைக் கேட்டார்கள். சொன்னேன். அவர்கள் காதில் விழவில்லை. மறுபடி கேட்டார்கள். கீதா என் பக்கத்தில் நின்று, “தனலட்சுமி மேடம். அவங்க அப்டித்தான், பேச மாட்டாங்க” என்றாள்.

“இவங்கதான் எனக்கு வேணும்” என்றார்கள் மேடம். “பேசுறவங்ககிட்ட யார் வேணா பேசலாம். பேசாதவங்களைப் பேச வைக்கத் தெரியணும் இந்தப் பசங்களுக்கு.”

எனக்குக் கொடுத்த கதை இது. முட்டி வலி என்று வந்திருக்கிறேன். ஆனால் சர்க்கரை மாத்திரையை நானாகவே நிறுத்திவிட்டேன். திட்டுவார்கள் என்று சொல்லாமல் மறைக்கிறேன். ‘வேறு ஏதாவது இருக்கா’ என்று கேட்டுவிட்டு யார் பொறுமையாக இருக்கிறார்களோ, அவர்களிடம் மட்டும் மாத்திரை விஷயத்தைச் சொல்ல வேண்டும். அவசரப்படுகிறவர்களிடம் சொல்லக்கூடாது.

சொல்லாமல் இருப்பதற்கு எனக்கு யாரும் பயிற்சி தர வேண்டியிருக்கவில்லை. ஒத்திகையில் நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்ததற்கு மேடம் கை தட்டினார்கள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

மடித்து வைத்த திரை

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும். பிடிக்காத இடம். ஆனால் அதைத் தாண்டிப் போனால் மற்றது விளங்காது.

சின்னவன் பிறந்த பிறகு எனக்கு அடிவயிற்றில் கோளாறு வந்தது. என் வீட்டுக்காரர் என்னை ஓர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். வெளியே பெஞ்சில் அவர் உட்கார்ந்துகொண்டார். உள்ளே என்னைக் கட்டிலில் படுக்கச் சொன்னார்கள்.

பெரிய டாக்டர் வந்தார். அவர் பின்னால் படிக்கிற பிள்ளைகள், கட்டிலைச் சுற்றி வளையமாக. முன் வரிசைக்கு இடம் போதாமல் பின்னால் இருந்தவர்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். முக்கால்வாசி ஆண் பிள்ளைகள். என் தம்பி வயது.

டாக்டர் என் பெயரைக் கேட்கவில்லை. அவர்களைப் பார்த்து இங்கிலீஷில் பேசிக்கொண்டே என் புடவையைத் தூக்கினார்.

அப்போது பாடம் அப்படித்தான் நடந்தது. அவர் கெட்ட மனிதர் இல்லை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். பலகையில் எழுதிய கணக்கைக் காட்டுகிற மாதிரி காட்டினார். நடுவில் ஏதோ சொன்னார். பிள்ளைகள் சிரித்தார்கள். என்னைப் பற்றித்தான் என்று சொல்ல முடியாது. இங்கிலீஷ் எனக்குத் தெரியாது. ஒரே ஒரு பையன் மட்டும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

பச்சைத் துணித் திரை ஒன்று இருந்தது, சக்கரம் வைத்தது. மடித்துச் சுவர் ஓரமாகச் சாய்த்து வைத்திருந்தார்கள். அவர்கள் போகிறவரைக்கும் நான் அந்தத் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் கால் ஒன்றில் சக்கரம் இல்லை.

மருந்துச் சீட்டை வாங்காமலே எழுந்து வந்துவிட்டேன். வீட்டுக்காரர் கேட்டதற்கு, “ஒண்ணும் இல்லையாம்” என்றேன். அதற்குப் பிறகு காய்ச்சல், இருமல் என்றால் டாக்டரிடம் போவேன். இடுப்புக்குக் கீழே எனக்கு உடம்பே இல்லை என்று வைத்துக்கொண்டேன்.

உடம்பு அப்படி வைத்துக்கொள்ளவில்லை.

நிலம் போன பிறகு, கம்பெனி கேன்டீன் ஒன்றில் பாத்திரம் கழுவப் போனேன். இரண்டு பேர் சேர்ந்து தூக்க வேண்டிய சாம்பார் அண்டாவை, ஆள் வராத நாளில் ஒருத்தியாகத் தூக்குவேன். அப்படித் தூக்கிய ஒருநாள் கீழே ஏதோ நழுவிய மாதிரி இருந்தது. பிறகு அது வருவதும் போவதுமாக இருந்தது. கர்ப்பப்பை இறங்கிவிட்டது.

எழுதிவிட்டேன்.

அந்த ஒரு வரிக்காக ஒரு வாரம் பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். இதைப் படிக்கிற ஆண்கள் பக்கத்தைத் திருப்பிக்கொண்டாலும் எனக்கு வருத்தம் இல்லை.

பழைய வேட்டியைக் கிழித்து இறுக்கிக் கட்டிக்கொள்வேன். அந்தத் துணியை வீட்டில் எல்லாரும் வேலைக்குப் போன பிறகு துவைத்து, மாடியில் பெட்ஷீட்டுக்கு அடியில் காயப்போடுவேன். படுத்தால் உள்ளே போய்விடும். நின்றுகொண்டே இருந்தால் வெளியே வரும். முழுக்க வந்துவிட்டால் ஒன்றுக்குப் போக முடியாது. அடிவயிறு கல் மாதிரி ஆகிவிடும். போய்ப் படுத்துக் காலைத் தூக்கி வைத்துக்கொண்டால் கொஞ்ச நேரத்தில் சரியாகும்.

பரீட்சை நாளில் படுக்க இடம் ஏது?

கையைப் பிடித்தாள்

அந்தப் பெண் காத்திருந்தாள் என்று சொன்னேன் அல்லவா.

“காலைலேருந்து ஒண்ணுக்குப் போவல” என்றேன். “வரல. கீழ எறங்கி வந்துட்டு கீது. ஒக்கார முடியல.”

அவள் முகம் ஒரு நொடி குழம்பியது. சர்க்கரை மாத்திரை மாதிரி ஏதோ வரும் என்று நினைத்திருப்பாள். பிறகு நாற்காலியை இழுத்துக்கொண்டு பக்கத்தில் வந்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

“எம்புட்டு நாளாம்மா இப்படி எறங்குது?”

“ரொம்ப வருசமா.”

“யாருட்டயும் சொல்லலியா?”

தலையை ஆட்டினேன். அவள் என் கையைப் பிடித்தாள். என் கை ஜில்லென்று இருந்தது, உள்ளங்கை ஈரம். அவள் என் மேலுதட்டைப் பார்த்தாள். நான் உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்தாள். மேலே சுவர் மூலையில் மாட்டியிருந்த கேமராவையும் ஒருமுறை பார்த்தாள்.

“இது அவங்க குடுத்த கேஸா, நெசமாவே உங்களுக்கா?” என்றாள்.

எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

“இருங்கம்மா. பொம்பள டாக்டரக் கூட்டியாரேன்” என்று எழுந்தாள். கதவு வரைக்கும் போய், நின்று, திரும்பினாள். விதி அவளுக்கும் தெரியும். மணி அடிக்கவில்லை. கதவைத் திறந்துகொண்டு போய்விட்டாள்.

நெசமா, நடிப்பா

அடுத்து நடந்ததை எழுதும்போது கை நிற்கிறது.

மேடம் அன்று அங்கே இல்லை. ஆபரேஷன் அறையில் இருந்தார்கள். கேமராவில் பார்த்து மார்க் போடுவதற்குக் கண்ணாடி போட்ட ஒரு சார் பக்கத்து அறையில் இருந்தார். காதில் கருவி மாட்டியிருந்தார். நான் சொன்னது எல்லாம் அவர் காதில் விழுந்திருக்கிறது. எனக்கு அதை நினைத்தாலே உடம்பு கூசியது.

அவர் வெளியே வந்து அந்தப் பெண்ணை நிறுத்தினார். என்னையும் வரச் சொன்னார்கள். நடைபாதையில் அடுத்தடுத்த அறைக்குக் காத்திருந்த பிள்ளைகள் இரண்டு பக்கமும் நின்றார்கள். வெள்ளைக் கோட்டுகள். துடைப்பத்தோடு கீதாவும் அங்கே வந்துவிட்டாள்.

“பெல் அடிக்கிறதுக்கு முன்னாடி ஏன் வெளியே வந்தே?”

“சார், அவங்களுக்கு நெசமாவே முடியல சார்.”

“அது கேஸ். கேஸ்ல இல்லாததைச் சொல்லியிருக்காங்க, சரி. மறந்திருப்பாங்க. அதுக்காக எழுந்து வரலாமா? போன தடவை ஸ்ட்ரெச்சர் கதை உனக்குத் தெரியாதா?”

“இது நடிப்பு இல்ல சார்.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

“கையப் பிடிச்சுப் பாத்தேன் சார்.”

சுவரோரம் நின்ற பையன் ஒருவன் களுக்கென்று சிரித்தான். சார் என் பக்கம் திரும்பினார். அவர் குரலில் கோபம் இல்லை. மரியாதையாகத்தான் கேட்டார்.

“அம்மா, நீங்க சொன்னது நிஜமா, நடிப்பா?”

‘நிஜம்’ என்று ஒரு சொல். அவ்வளவுதான் தேவை. ஆனால் அதைச் சொன்னால் அந்த நடைபாதையில் நிற்கிற அத்தனை பேருக்கும் என் புடவைக்குள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துவிடும். அந்தப் பழைய கட்டிலில் படுத்திருந்த மாதிரியே இருந்தது. பார்ப்பதற்கு இந்தத் தடவை திரை கூட இல்லை.

தரையைப் பார்த்தேன். கீதா துடைத்த தரை, ஈரம் இன்னும் காயவில்லை. அதில் என் கால் விரல்கள் தெரிந்தன.

“சொல்லு அத்தே” என்றாள் கீதா.

சொல்லவில்லை.

“பயந்துட்டாங்க, விடுங்க” என்றார் சார். “மறந்ததைச் சொல்லக் கூச்சம்.” பிறகு அந்தப் பெண்ணிடம், “நீ போகலாம்” என்றார்.

அவள் என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். “வீட்டுக்குப் போயி படுங்கம்மா. அப்பவும் போகலன்னா உடனே ஆஸ்பத்திரிக்கு வந்துருங்க” என்றாள். நான் கதவுப் பக்கம் நடந்தேன்.

வீட்டுக்குப் போய்ப் படுத்தேன். காலைத் தலையணை மேல் வைத்தேன். கொஞ்ச நேரத்தில் எனக்குச் சரியாகிவிட்டது. அவளுக்குத்தான் ஆகவில்லை.

கீதா கொண்டுவந்த சேதி

“நடிக்க சொன்னா இன்னாமா நடிச்சுட்டே அத்தே” என்று மறுநாள் கீதா சிரித்தாள். “குப்பம்மா ஒண்ணுமே இல்ல உனுக்கு முன்னாடி. காலேஜ் ஃபுல்லா உன் பேச்சுதான்.”

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். கண்ணைத் துடைத்துக்கொள்ள அது வசதியாக இருந்தது.

“ஆனா பாவம் அந்தப் பொண்ணு. தண்ணி கேன் பக்கத்துல நின்னு அழுதுகினு இருந்துச்சு. ஃபெயிலாம்.”

“ஃபெயிலுன்னா?”

“கூட இருக்கிறவங்க எல்லாம் மேல் கிளாசுக்குப் பூடுவாங்க. இது சின்னப் புள்ளைங்களோட ஒக்காந்து மறுக்கா படிக்கணும். கவுர்மென்ட் ஸ்கூல்ல படிச்சு வந்த புள்ளையாம். ஊர்ல அவங்கம்மா தீப்பெட்டி ஒட்டுதாம். இத்த எப்டி போன்ல சொல்றதுன்னு சொல்லிச் சொல்லி அழுவுது.” கீதா கொஞ்சம் நிறுத்தினாள். “நீ ஒரு வார்த்த, மறந்துட்டேன்னாவது சொல்லியிருக்கலாம் அத்தே.”

மறந்துவிட்டேன் என்று இப்போது போய்ச் சொல்லலாமா என்று யோசித்தேன். யோசித்ததை ஒளிக்கவில்லை. அது எனக்கு எளிது. ஆனால் அவள் எழுந்து போனது அப்போதும் தப்பாகத்தான் இருக்கும். நடிப்பை நம்பி ஓடிய பெண் என்று ஆகிவிடும். நான் சொன்னது நிஜம் என்றால் மட்டும்தான் அவள் செய்தது சரி.

துணி துவைக்கும்போது அதுதான் ஓடியது. கோழிக்குத் தீனி போடும்போதும் அதுதான். மேல் அறையில் இருக்கும் திருநெல்வேலிப் பையன் படியில் இறங்கிக்கொண்டே, “என்னம்மா, மேலுக்கு முடியலியா?” என்று உடம்பை விசாரித்தான். அந்தப் பேச்சைக் கேட்டதும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

கடைசியில் கீதாவிடம், “மேடத்தப் பாக்கணும்” என்றேன்.

அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். எதற்கு என்று கேட்கவில்லை. அதற்காக அவளுக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

மேடம் உட்கார்ந்த நாற்காலி

மேடம் அறையில் ஆட்கள். ஒருவர் கையெழுத்துக்கு நின்றார். இரண்டு பிள்ளைகள் ஏதோ சந்தேகம் கேட்டார்கள். போன் அடித்துக்கொண்டே இருந்தது. “சொல்லுங்க தனலட்சுமியம்மா” என்று மேடம் என்னைப் பார்த்தார்கள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.



“அந்த ரூமுக்குப் போவலாமா?” என்றேன். அது மட்டும்தான் வந்தது.

“எந்த ரூம்?”

“ரெண்டு சேரு போட்ட ரூமு.”

மறந்த கதையை இன்னொரு தடவை சொல்லிப் பார்க்க வந்திருக்கிறேன் என்று நினைத்தார்களோ என்னவோ, எழுந்து வந்தார்கள். கீதா வெளியே நின்றுகொண்டாள். நான் என் நாற்காலியில் உட்கார்ந்தேன். மேடம் நின்றுகொண்டே இருந்தார்கள். நான் எதிர் நாற்காலியைப் பார்த்தேன். அவர்களும் அதைப் பார்த்தார்கள். சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார்கள்.

“கேமரா?” என்றேன்.

“ஓடலை. பரீட்சை அன்னிக்கு மட்டும்தான்.”

பிறகு பேசாமல் இருந்தேன்.

“சொல்லுங்கம்மா. என்ன விஷயம்? அன்னிக்கு நடந்ததைப் பத்தியா? அதெல்லாம் பரவாயில்லை, மறக்கிறது சகஜம். அடுத்த தடவை கீதா உங்களுக்கு ஞாபகப்படுத்துவா. வேற ஏதாவது பிரச்சினையா? இல்லைன்னா நான்...”

போன் அடித்தது. எடுத்துப் பேசினார்கள். வைத்தார்கள். “ம், சொல்லுங்க. சீக்கிரம் போகணும்.”

நான் என்ன செய்ய? எனக்கு அவர்கள் மேல் கோபம் ஒன்றும் இல்லை. சொல்லத்தான் வந்திருந்தேன். ஆனால் அந்தப் பெண் சும்மா இருந்த மாதிரி யாராவது சும்மா இருந்தால்தான் அது வெளியே வரும்போல இருந்தது. மடியில் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மேடம் ஏதோ சொல்ல வாயெடுத்தார்கள். நிறுத்திக்கொண்டார்கள். போனைத் திருப்பி மடியில் கவிழ்த்தார்கள்.

“வேற ஏதாவது சொல்லணும்னு இருக்காம்மா?” என்று மெல்லக் கேட்டார்கள்.

பிறகு அவர்களும் சும்மா இருந்தார்கள்.

ஏசி ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. கதவுக்கு வெளியே கீதாவின் வாளி ஒருமுறை தரையில் உராய்ந்தது.

“அன்னிக்கி நான் சொன்னது நெசம்” என்றேன். “அந்தப் பொண்ணு சரியாத்தான் எழுந்து போச்சு.”

எல்லாவற்றையும் சொன்னேன். அண்டா, கட்டுத்துணி, மாடியில் பெட்ஷீட்டு. பழைய ஆஸ்பத்திரியையும் சொன்னேன். சொல்லச் சொல்லக் காது சூடாகிக்கொண்டே போனது. மேடம் நடுவில் ஒன்றும் கேட்கவில்லை. முடிந்ததும், “நாங்களும் அப்படித்தான் சுத்தி நின்னு படிச்சோம்” என்றார்கள்.

அன்றே பரிசோதித்தார்கள். அதற்கு முன் என்ன செய்யப் போகிறார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார்கள். ஒரு நர்ஸம்மா மட்டும் இருந்தார். ஆபரேஷன் செய்துவிடலாம், நன்றாகிவிடும் என்றார்கள்.

கதவைத் தாண்டும்போதுதான் கேட்டேன். “அந்தப் பொண்ணு?”

“அது நான் மட்டும் முடிவு பண்றது இல்லைம்மா. நீங்க சொன்னதை அந்த சார்கிட்டயும் இன்னும் ரெண்டு பேர்கிட்டயும் நான் சொல்லியாகணும். சொல்லலாமா?”

இன்னும் மூன்று பேர். அதில் கேமராவில் பார்த்த அந்த சாரும் ஒருவர். நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

“சொல்லுங்க” என்றேன்.

வெளியே வந்ததும் கீதா என் முகத்தைப் பார்த்தாள். அவளிடம் பஸ்ஸில் வரும்போது சொன்னேன், ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே. அவள் என் பைக்குள்ளிருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து மூடியைத் திறந்து கொடுத்தாள்.

“மாடில அந்தத் துணிய நான் பாத்துருக்கேன் அத்தே” என்றாள். “நீயா சொல்லுவேன்னு இருந்தேன்.”



திரை

ஆபரேஷன் முடிந்து வார்டில் படுத்திருந்தேன். காலையில் மேடம் சுற்றி வந்தார்கள். பின்னால் படிக்கிற பிள்ளைகள். வெள்ளைக் கோட்டுகள் கட்டிலை நோக்கி வருவதைப் பார்த்ததும் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டேன். இத்தனை நடந்த பிறகும் அந்தப் பயம் போகவில்லை. போகும் என்றும் தோன்றவில்லை.

அந்தக் கூட்டத்தில் ஒரு கோட்டின் கை மடித்து விடப்பட்டிருந்தது.

அவள்தான். எந்தப் பிள்ளைகளோடு நிற்கிறாள் என்று பார்த்தேன். அன்று நடைபாதையில் களுக்கென்று சிரித்த பையன் அவள் பக்கத்தில் நின்றான். அவனைத் தாண்டி நின்ற பிள்ளைகளையும் பார்த்தேன். பரீட்சையில் என் எதிரே வந்து உட்கார்ந்தவர்கள். சின்னப் பிள்ளைகள் யாரும் இல்லை. அவள் தன் செட்டோடுதான் நின்றிருந்தாள். அவளுக்கு வேறொரு ஆளை வைத்து மறுபடி பரீட்சை வைத்தார்கள் என்று பிறகு கீதா சொன்னாள்.

மேடம் கட்டில் அருகே குனிந்தார்கள்.

“தனலட்சுமியம்மா, இவங்க உங்க தையலைப் பார்த்துக் கத்துக்கலாமா? உங்களுக்கு இஷ்டம்னா மட்டும்.”

எல்லாரும் எனக்காகக் காத்திருந்தார்கள். எனக்குச் ‘சரி’ என்று சொல்ல ஆசை. அந்தப் பெண்ணுக்கு நான் பட்ட கடனை அப்படியாவது கொஞ்சம் தீர்க்கலாமே என்று தோன்றியது. படிக்க வந்த பிள்ளைகள்தானே, பார்த்தால்தானே கற்க முடியும், அது எனக்குப் புரியாமல் இல்லை.

“வேணாம்” என்றேன்.

சொன்னதும் வெட்கமாக இருந்தது. யாராவது முகம் சுளிப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். மேடம், “சரிம்மா” என்று நிமிர்ந்தார்கள். பிள்ளைகள் அடுத்த கட்டிலுக்குத் திரும்பினார்கள்.

மாரிச்செல்வி கடைசியாக நின்றாள். அவளிடம் ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். வழக்கம்போல ஒன்றும் வரவில்லை. அவள் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு கட்டிலைச் சுற்றி இருந்த திரையை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை இழுத்து மூடினாள். ஒரு பக்கம் இடைவெளி இருந்தது. அதையும் வெளியே நின்று இழுத்து ஒட்டிவிட்டாள்.

“வாரேம்மா” என்று குரல் மட்டும் கேட்டது.